கிழக்குப் பாதி

ஜனவரி 12

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் மச்சானும் சுகம். என் இடது காது மட்டும் சுகமில்லை. இருபத்தெட்டு வருஷம் விமானம் இரைகிற இடத்திலேயே உட்கார்ந்து பயணச்சீட்டு கிழித்ததற்கு அது தந்த பரிசு. நீ போனில் பேசினால் "ஹலோ"வும் "வெச்சிடறேன்"னும்தான் கேட்கிறது, நடுவில் உள்ளது முழுக்கக் காற்றோடு போய்விடுகிறது. அதனால்தான் கடிதம். நீயும் உன் மனைவியும் குழந்தைகளும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முதுகுவலி தேவலையா?

விஷயத்துக்கு வருகிறேன். நம் விமான நிலையத்துக்கு ஐம்பது வயது ஆகிறது. நகராட்சியில் பொன்விழா மலர் போடுகிறார்கள். ஓய்வு பெற்று வீட்டில் சும்மாதானே இருக்கிறாள் என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஆணையர் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பட்டியலோடு வந்தாள். மலர்க்காரி என்று அவளுக்குப் பெயர் வைத்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளவில்லை. நிலம் வந்த விதம், முதல் விமானம், ஊருக்கு என்ன பயன் என்று பதினான்கு தலைப்புகள். ஒன்பதாவது "விபத்து". அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் கவுண்ட்டர் ஜன்னலில் தெரிந்த அளவுதான். நீ எட்டு வருஷம் அந்த ஓடுதளத்திலேயே புரண்டவன். தினமும் காலையில் முதல் விமானம் வருவதற்கு முன்னால் சைக்கிளில் போய், கல்லோ கம்பியோ கிடக்கிறதா என்று பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவன். உனக்கு நினைவிருப்பதை எல்லாம் எழுது. கதை விட்டாலும் பரவாயில்லை, நான் வடிகட்டிக்கொள்கிறேன்.

உன் மச்சான் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
உன் அக்கா

*

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. நாங்கள் நால்வரும் நலம். முதுகு வலித்துக்கொண்டேதான் இருக்கிறது, ஆனால் இப்போது பழகிய வலி. நீ காதைப் பெரிய டாக்டரிடம் காட்டு, சொந்த வைத்தியம் பண்ணாதே. எண்ணெய் கிண்ணெய் ஊற்றாதே.

நீ கேட்டதை எழுதுகிறேன். அந்த இடம் முதலில் மாடு மேய்ந்த பொட்டல். போர்க்காலத்தில் பட்டாளம் வந்து சமன் செய்து, நாலு மாதம் இருந்துவிட்டு, ஒரு தகரக் கொட்டகையையும் உடைந்த தராசையும் விட்டுவிட்டுப் போனது. பிறகு வெகுகாலம் யாரும் சீண்டவில்லை. அப்புறம் வந்த நகராட்சித் தலைவர்தான், "விமான நிலையம் இருந்தால் பெரிய மனிதர்கள் வருவார்கள்" என்று தார் போட வைத்தவர். பெரிய மனிதர் ஒருவர் வந்தார், ஹெலிகாப்டரில். அதற்கு ஓடுதளமே தேவைப்படவில்லை.

முதல் விமானம் வந்த அன்று ஊரே இருக்கிற நல்ல துணியை உடுத்திக்கொண்டு போய் நின்றதாம். கதவு திறந்தது. இரண்டு தபால் மூட்டையும் ஒரு துணி வியாபாரியும் இறங்கினார்கள். அவர் இறங்க வேண்டியது வேறு ஊர். மாலை போட்ட பிறகுதான் தெரிந்ததாம். இது நான் சேர்வதற்கு முந்தைய கதை, மச்சான் சொல்லிக் கேட்டது.

பயன் என்றால், பதினான்கு பேர் உட்காரும் விமானம் வாரம் நான்கு நாள். தபால். வயலுக்கு மருந்து அடிக்கும் குட்டி விமானங்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளைக் கொண்டுபோனது, வருஷத்துக்கு முப்பது பேராவது இருக்கும். பள்ளிக்கூட ஓட்டப்பந்தயம். அப்புறம், ஊரில் கார் ஓட்டத் தெரிந்த அத்தனை பேரும் விமானம் இல்லாத நாட்களில் அங்கே பழகியவர்கள்தான். நீ ஒருத்திதான் காற்றுத்திசை காட்டும் கம்பத்தில் போய் இடித்துவிட்டு, "கம்பம்தான் குறுக்கே வந்துச்சு" என்று இறங்கிவிட்டாய். இதை மலரில் போடு.

இங்கே என் வேலை அதே வேலைதான், அளவுதான் பெரிது. ஆறு வண்டிகள், கேமராக்கள், நாற்பது ஆட்கள். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஓடுதளப் பரிசோதனை பற்றி நான்தான் வகுப்பு எடுக்கிறேன்.

இதற்கு மேல் ஒன்றும் நினைவில்லை. மச்சானுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
தம்பி

*

பிப்ரவரி 21

அன்புத் தம்பிக்கு,

இருவரும் நலம். டாக்டரிடம் போனேன். எண்ணெய் ஊற்றினீர்களா என்றுதான் முதலில் கேட்டார், உன்னை நினைத்துக்கொண்டேன். குழந்தைகளுக்குப் பரீட்சை முடிந்ததா?

உன் கடிதத்தை உன் மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். துணி வியாபாரி இடத்தில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அவன் எழுத்துல கெட்டிக்காரன்டி. இங்கயே இருந்திருந்தா வீணாப் போயிருப்பான்" என்றார். ஒன்றை மட்டும் நீ எழுதாமல் விட்டது நல்லது என்றார். நீங்கள் இருவரும் ஓடுதளத்தைப் பங்கு போட்டுக்கொண்ட விஷயம். சட்டப்படி நீ ஒருவனே முழு நீளமும் பார்க்க வேண்டும். நீங்கள் நீளத்தின் நடுவில் இரண்டாகப் பாகம் பிரித்துக்கொண்டீர்கள். கிழக்குப் பாதி உனக்கு, சைக்கிளில். மேற்குப் பாதி அவருக்கு. தீயணைப்பு வண்டியைத் தினமும் ஓட்டி எஞ்சினைச் சூடாக்க வேண்டுமே, போகிற போக்கில் பார்த்துவிடுவார். மிச்சமான இருபது நிமிஷத்தில் இருவரும் டீ குடித்தீர்கள். அண்ணன் தம்பிகூட அப்படி ஒற்றுமையாகப் பாகம் பிரித்து நான் பார்த்ததில்லை.

இப்போது அந்த ஒன்பதாவது. ஆணையர் அலுவலகத்திலேயே எழுதி அனுப்பிவிட்டார்கள். அப்படியே தருகிறேன்: "இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன், ஓடுதளத்தைத் தாமே பரிசோதிப்பதாக உறுதியளித்த தீயணைப்பு வண்டி ஓட்டுநரின் கவனக்குறைவால், தரையில் கிடந்த போல்ட் ஒன்று தரையிறங்கிய விமானத்தின் சக்கரத்தைக் கிழித்தது. விமானம் தடம் விலகிக் கால்வாயில் மோதியது. பயணிகள் தப்பினர். விமானிக்கு இரு கால்களும் செயலிழந்தன. ஓட்டுநர் பணிநீக்கம் செய்யப்பட்டார்." ஓட்டுநர் என்ற இடத்தில் உன் மச்சான் பெயர், அவர் அப்பா பெயர் இரண்டும் இருக்கின்றன.

இந்த ஊர் அவரை இன்னும் "போல்ட்டு" என்றுதான் கூப்பிடுகிறது. தண்ணீர் லாரி ஓட்டின காலம் முழுக்க "போல்ட்டு லாரி வந்தாச்சு" என்றுதான் குடம் எடுத்து வந்தார்கள். அவரும் ஹாரன் அடித்துவிட்டுச் சிரிப்பார். ஊர் வாய் ஒருநாள் ஓய்ந்துவிடும், தம்பி. அச்சில் ஏறினால் ஓயாது. எங்களுக்குப் பிறகும் எவனாவது எடுத்துப் படிப்பான்.

நீ அன்று பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவன். நீ இரண்டு வரி எழுதினால் எடுபடும். அவர் எப்பேர்ப்பட்ட வேலைக்காரர் என்று எழுது. கவனக்குறைவு என்ற சொல்லையாவது எடுக்க வை. ஜூலை கடைசியில் அச்சுக்குப் போகிறது.

உன் அக்கா

*

ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, தப்பாக நினைக்காதே. இங்கே ஒரு மாதமாக மூடுபனி, வேலை கழுத்து வரை. சின்னவனுக்குக் காய்ச்சல் வேறு. இப்போது தேவலை. மச்சானுக்கு முழங்கால் தைலமும் உனக்கு வைட்டமின் மாத்திரைகளும் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

வெள்ளம் வந்த வருஷத்தை எழுத மறந்துவிட்டேன். ஊரில் மேடு அது ஒன்றுதான். பதினோரு நாள் ஓடுதளத்தின் மேல் நானூறு குடும்பங்கள் கூடாரம் போட்டன. மச்சான் தீயணைப்பு வண்டியில் குடிதண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். ஒரு குழந்தைகூடப் பிறந்தது, நடுக்கோட்டுக்குப் பக்கத்தில். அதற்கு "விமானி" என்று செல்லப்பெயர் வைத்தார்கள், இப்போது சலூன் வைத்திருப்பதாகக் கேள்வி. இதற்கு இரண்டு பக்கம் ஒதுக்கலாம்.

ஒன்பதாவது பற்றி. பொன்விழா மலரில் எதற்கு விபத்து? நல்ல காரியத்தில் அபசகுனம் மாதிரி. அந்தத் தலைப்பையே எடுத்துவிடச் சொல். மச்சான் பெயரும் வராது, யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. வேண்டுமானால் நானே ஆணையருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதுகிறேன்.

அன்புடன்,
தம்பி

*

ஏப்ரல் 22

தம்பிக்கு,

நலம். சின்னவன் காய்ச்சல் விட்டதில் நிம்மதி. பார்சல் வந்தது. தைலத்தை மோந்து பார்த்துவிட்டு, "இத முழங்கால்ல தடவணுமா, எஞ்சின்ல ஊத்தணுமா?" என்றார்.

உன் யோசனையை மலர்க்காரியிடம் சொன்னேன். அவள் நல்ல பெண், சரி என்றுதான் சொன்னாள். ஒத்துக்கொள்ளாதவர் அன்று விமானத்தை ஓட்டிய கேப்டன். அவரிடம் கேட்காமல் எடுக்க முடியாதே. "என் கால் போன கதைய விட்டுட்டு என்னய்யா மலர்? வெறும் காம்பா?" என்றாராம். உன் மச்சானும் அவர் கட்சி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இவர் கேப்டன் வீட்டுக்குப் போகிறார், உனக்குத் தெரியும். முகம் மழித்துவிடுவார், சக்கர நாற்காலியில் வைத்து விமான நிலைய வேலி வரை தள்ளிக்கொண்டு போவார். பத்து மணி விமானம் இறங்குவதை இருவரும் பார்த்துக் குறை சொல்லிவிட்டுத் திரும்புவார்கள். என் பிறந்தநாளை மறந்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமையை மறந்ததில்லை.

மலர்க்காரி நம் வீட்டுக்கு வந்து உன் மச்சானிடமே நேரில் கேட்டாள், "ஐயா, அன்னிக்கு என்னதான் நடந்துச்சு?" என்று. நான் டீயோடு நின்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நான்தாம்மா. கையெழுத்துப் போட்ட பையன் மேல தப்பு இல்ல. அன்னிக்கு வண்டிய கொஞ்சம் வேகமா ஓட்டிட்டேன். எங்கேயோ தரைல அது கிடந்திருக்கு, நான் பாக்கல. எவ்வளவோ யோசிச்சுப் பாத்துட்டேன், எந்த இடத்துல கண்ணத் திருப்பினேன்னு மட்டும் ஞாபகம் வர மாட்டேங்குது."

அவள் போன பிறகும் டீயைத் தொடவில்லை. இருபத்தாறு வருஷமாக அந்த மேற்குப் பாதியை மனசுக்குள் ஓட்டிக்கொண்டே இருக்கிறார், தம்பி. சாப்பிடும்போது கை நின்றால் எனக்குத் தெரியும், வண்டி அங்கே போய்க்கொண்டிருக்கிறது. நீ உன் பாதியைப் பார்த்துவிட்டாய். அப்படியானால் மிச்சம் அவர் பாதிதானே, வேறென்ன? விசாரணையில் பங்கு போட்ட கதையை மறைத்து, முழுவதையும் தானே பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன் என்றாரே, அது உன் வெளிநாட்டு வேலை கெடக்கூடாது என்பதற்காக. அதை நான் என்றும் உனக்குச் சொல்லிக்காட்டியதில்லை. இப்போதும் அதற்காகச் சொல்லவில்லை.

அன்று காலையில் அவர் வண்டி ஓட்டினதை நீ பார்த்தாயா? வேகமாகத்தான் ஓட்டினாரா? அதையாவது எழுது.

அக்கா

*

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன். உன் கடிதம் கிடைத்தது. பிறகு விவரமாக எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மச்சானும் கேப்டனும் என்ன பேசிக்கொள்வார்கள்? கேப்டனுக்கு வலி இருக்கிறதா?

தம்பி

*

மே 19

தம்பிக்கு,

நாங்கள் சுகம். உனக்கு உடம்புக்கு என்ன? நாலு வரியில் கடிதம் எழுதுகிற ஆள் இல்லையே நீ. சாப்பாடு என்ன என்று கேட்டால்கூட நாலு பக்கம் எழுதுவாய்.

என்ன பேசுகிறார்கள் என்று நானும் ஒருமுறை கேட்டேன். "ஒண்ணும் பேச மாட்டோம், திட்டுவோம்" என்றார். நகராட்சியை, விமானத்தை, விலைவாசியை. கேப்டனுக்கு முதுகில் வலி உண்டு, உட்கார்ந்தே இருந்ததில் புண் வரும். மகள்தான் பார்த்துக்கொள்கிறாள்.

சென்ற வாரம் அலுவலகத்தில் கூப்பிட்டு, ஒன்பதாவதில் உள்ளது சரிதான் என்று உன் மச்சானிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அவருக்குப் பேனா பிடித்துப் பழக்கமில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தி எழுதினார். எழுதிவிட்டு, "சரியாப் போச்சு" என்றார். இனிமேல் நீ ஒன்றும் எழுத வேண்டாம். முடிந்தது. நான்தான் உன்னைத் தொந்தரவு பண்ணிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

ஜூன் 1

அன்புள்ள அக்காவுக்கு,

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ விசாரிக்க விசாரிக்கத்தான் கூசுகிறது. இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

நான் அன்று என் பாதியைப் பார்க்கவில்லை.

கிழக்குப் பாதிக்கு நான் போகவே இல்லை. இந்த வேலைக்கான விண்ணப்பத்தை அன்றைய பத்து மணி விமானத் தபாலில் சேர்க்க வேண்டியிருந்தது. சாமான் அறையில் உட்கார்ந்து அதைப் பூர்த்தி செய்துகொண்டிருந்தேன். எட்டரைக்குப் பதிவேட்டில் "முழுவதும் பார்த்தேன், சுத்தம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒருநாள்தானே என்று நினைத்தேன். ஜன்னல் வழியாக மச்சான் வண்டி மேற்கே போவது தெரிந்தது. மெதுவாகத்தான் போனார். இரண்டு இடத்தில் நிறுத்தி இறங்கிக் குனிந்து பார்த்தார். நீ கேட்டாயே, இதுதான் பதில்.

ஆஸ்பத்திரி நடையில் என் தோளைப் பிடித்து, "உன் பாதியப் பாத்தியாடா?" என்று கேட்டார். "பாத்தேன் மச்சான்" என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை, வாயில் அதுதான் வந்தது. "அப்போ என் பாதிதான்" என்று சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த நிமிஷமே நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இதோடு முடிந்திருந்தால் போல்ட் எந்தப் பாதியில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது என்றாவது என்னை ஏமாற்றிக்கொண்டிருப்பேன். அதுவும் முடியாது. முந்தின நாள் மாலை புல் வெட்டும் வண்டியை ஓட்டியவன் நான். கிழக்குப் பக்கம்தான் குறுக்கே ஓடுதளத்தைக் கடந்தேன். விபத்து நடந்த மத்தியானம், எல்லோரும் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். அந்தப் புல் வெட்டும் வண்டியில் ஒரு போல்ட் இல்லை. புது போல்ட் எடுத்து மாட்டினேன். பளபளப்பாக இருந்தது, மண்ணைத் தேய்த்து அழுக்காக்கினேன். மூன்று நாள் கழித்து விசாரணைக்காரர்கள் எல்லா வண்டிகளையும் சோதித்தார்கள். எதிலும் குறை இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

அந்தத் தபால் மூட்டை மறுநாள் பஸ்ஸில் போனது. வேலை கிடைத்தது. மச்சான் பேருந்து நிலையம் வரை என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

இங்கே வகுப்பில் நான் முதல் நாள் சொல்லும் பாடம், "கண்ணால் பார்க்காததற்குக் கையெழுத்துப் போடாதே" என்பது. இருபது வருஷமாகச் சொல்கிறேன், குரல்கூட நடுங்குவதில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது, அக்கா. பயந்தேன் என்பது அன்றைக்குச் சரி. அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷம் நான் நன்றாக இருந்தேன், அதனால் சொல்லவில்லை. அதுதான் நிஜம்.

மச்சான் பாதியில் ஒரு கூழாங்கல்கூட இல்லை என்று அவரிடம் சொல். ஒன்பதாவதில் என் பெயரைப் போடச் சொல். ஆணையருக்கு எழுத வேண்டியதை இதோடு தனித் தாளில் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். இங்கே என் வேலை என்ன ஆனாலும் ஆகட்டும்.

தம்பி

*

ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

என் ஜூன் முதல் தேதிக் கடிதம் கிடைத்ததா? உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. இரண்டு முறை போன் செய்தேன், எடுத்துவிட்டு வைத்துவிட்டாய். மச்சான் எப்படி இருக்கிறார்? இரண்டு சொல்லில் திட்டியாவது எழுது.

தம்பி

*

ஜூலை 9

தம்பிக்கு,

உன் கடிதம் ஜூன் பதினொன்றாம் தேதியே வந்தது. ஜூலை ஐந்தாம் தேதி வரை துணிகளுக்கு அடியில் வைத்திருந்தேன். உன்னைக் காப்பாற்ற என்று நினைத்துவிடாதே. உன்னை எனக்கு இப்போது பார்க்கப் பிடிக்கவில்லை.

வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் கடைசியில் அந்த போல்ட்டை எடுத்து அவர் மேல் எறிந்தவள் நான். "கொஞ்சம் நிதானமாப் பாத்திருந்தா நமக்கு இந்தக் கதி வருமா?" என்று எத்தனை முறை கேட்டிருப்பேன். அவர் ஒருமுறைகூடத் திருப்பிப் பேசியதில்லை. நீ எழுதியதை அவரிடம் கொடுத்தால் இதற்கு நான் என்ன முகத்தை வைத்துக்கொள்வது? அதனால் ஒளித்து வைத்தேன். உன் புத்தி எனக்கும் இருக்கிறது, ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே.

ஐந்தாம் தேதி கொடுத்துவிட்டேன். வாசற்படியில் உட்கார்ந்து படித்தார். பிறகு எழுந்து போய் லாரியைக் கழுவினார். இப்போது அது நம் லாரியே இல்லை, பக்கத்து வீட்டுக்காரருடையது. நான் போய் நின்று, "நானும் உங்கள எவ்வளவு பேசிட்டேன்" என்றேன். "குழாய மூடு, தண்ணி வீணாப் போகுது" என்றார்.

அவரே உனக்கு எழுதுகிறேன் என்றிருக்கிறார். எனக்கு எழுத ஒன்றும் இல்லை.

அக்கா

*

ஜூலை 21

மாப்ளைக்கு,

மச்சான் எழுதறது. எனக்கு லெட்டர் எழுதிப் பழக்கம் இல்ல. லாரில எத்தன நடை போச்சுன்னுதான் எழுதியிருக்கேன். பேசற மாதிரியே எழுதறேன், படிச்சுக்கோ. இங்க உடம்புக்கு ஒண்ணும் இல்ல. உன் உடம்பு எப்படின்னு கேக்க மனசு வரல, அதனால கேக்கல.

உன் லெட்டரப் படிச்சதும் முதல்ல எனக்குச் சந்தோஷம்தான் வந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. ரெண்டு இடத்துல எறங்கிக் குனிஞ்சு பாத்தேன்னு எழுதியிருக்க பாரு, அத மறுபடி மறுபடி படிச்சேன். எனக்கே அது மறந்து போச்சு. அப்போ நான் ஒழுங்காத்தான் வேல பாத்திருக்கேன்.

அப்புறம்தான் கோபம் வந்துச்சு. வேல போனதுக்கு இல்ல. அத நானா உனக்காகக் குடுத்தேன், குடுத்ததத் திருப்பிக் கேக்கற ஆளு நான் இல்ல. போல்ட்டுங்கற பேருகூடப் பரவாயில்ல, ஊர்ல அதவிட மோசமான பேரெல்லாம் இருக்கு. ஆனா ஒரு மனுஷனோட ரெண்டு காலையும் நான் எடுத்துட்டேன்னு நெனச்சு நெனச்சு இருந்தேனே, அந்த வருஷத்த எல்லாம் நான் உனக்குக் குடுக்கலடா. அத நீயா எங்கிட்டேர்ந்து எடுத்துக்கிட்ட. பெட்டியத் தூக்கிட்டு வந்தப்ப, வெயிலா இருக்கு மச்சான், நெழல்ல நில்லுங்கன்னு சொன்ன. அது ஞாபகம் இருக்கு எனக்கு.

போன ஞாயித்துக்கிழம கேப்டன் வீட்டுக்குப் போனேன். அவர் மூஞ்சில சோப்பு போட்டுட்டு, கத்திய எடுக்காம, உன் லெட்டர முழுசாப் படிச்சுக் காட்டினேன். பங்கு போட்டதையும் சொல்லிட்டேன். சோப்பு காஞ்சு போச்சு. "அப்போ இத்தன வருஷம் நீ எதுக்குய்யா வந்தே?"ன்னாரு. "நான்தான்னு நெனச்சு வந்தேன்"னேன். "அப்போ இன்னிக்கு எதுக்கு வந்தே?"ன்னாரு. ஞாயித்துக்கிழமை ஆச்சேன்னு வந்தேன்னு சொன்னேன். நான் மறுபடி சோப்பு போட்டு மழிச்சுட்டு வந்தேன். வேலி வரைக்கும் போகல அன்னிக்கு.

மலர்க்காரப் பொண்ணுகிட்ட உன் தாளக் குடுத்தாச்சு. என் பேர எடுத்துட்டாங்க. உன் பேரப் போட்டுரலாமான்னு கேப்டன் கிட்ட கேட்டிருக்கா. "பேப்பர்ல சொன்னவன் நேர்ல வந்து சொல்லட்டும், அப்புறம் போடு"ன்னுட்டாராம். ஆணையர் மலர ரெண்டு மாசம் தள்ளி வெச்சுட்டாரு. அதனால நீ வரணும்.

வந்தா எங்க வீட்டுக்கு முதல்ல வராத. உன் அக்கா இன்னும் அழுதுட்டுதான் இருக்கா, உன்னப் பாத்தா என்ன பண்ணுவான்னு எனக்கே தெரியாது. நேரா கேப்டன் வீட்டுக்குப் போ. ஒண்ணு சொல்றேன், உன் அக்காவுக்குக்கூட இது தெரியாது. நான் போக ஆரம்பிச்ச முதல் வருஷம் அந்தக் கதவு திறக்கவே இல்ல. ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம போய் வாசல்ல நிப்பேன். உள்ளேர்ந்து அவர் என்னப் பாக்கறது ஜன்னல்ல தெரியும். ஒரு மணி நேரம் நின்னுட்டு வந்துருவேன். வீட்ல, இன்னிக்கு நல்லாப் பேசினாருன்னு சொல்லுவேன். மழ, வெயிலு எல்லாம் பாத்தாச்சு அங்க. நெழல் கிடையாது.

ஒரு ஞாயித்துக்கிழம நீ போய் நில்லு. பெல் அடிக்காத, கூப்பிடாத. அந்த நேரத்துல நான் உள்ளதான் இருப்பேன், ஆனா நான் வந்து திறக்க மாட்டேன். அது அவரோட கதவு.

இப்படிக்கு,
மச்சான்